43 வயசுல மைக்ரோமீட்டர் பிடிச்ச கதை

போன வாரம் பழைய பேக்டரில கூட வேலை பாத்த அண்ணன் ஒருத்தர் போன் பண்ணார். அவருக்கு இப்ப வேலை போய் நாலு மாசம் ஆச்சு. ட்ரெய்னிங் ஏதாவது சேருங்கண்ணேன்னு சொன்னா, "நம்ம வயசுக்கு இனிமே படிச்சு என்னப்பா ஆகப்போகுது, ஒரு சர்டிபிகேட் குடுப்பான், பிரேம் போட்டு மாட்டிக்கலாம், அவ்ளோதான்"னு சிரிச்சாரு. அவர்கிட்ட போன்ல சரியா பதில் சொல்ல வரல, அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும்.

நான் 17 வருஷம் பிக்சர் ட்யூப் பேக்டரில இருந்தேன். பழைய குண்டு டிவிக்குள்ள இருக்குமே அந்த கண்ணாடி ட்யூப், அதோட திரைக்கு உள்பக்கம் பாஸ்பர், அதாவது படம் ஒளிர வைக்கிற பவுடர், பூசுற செக்‌ஷன். பிளாட் டிவி வந்துச்சு, ஆர்டர் குறைஞ்சுது, மூணு ஷிப்ட் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, அப்புறம் ஒருநாள் கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. எனக்கு தெரிஞ்ச வேலை உலகத்துலயே எங்கயும் இல்லாம போச்சுங்கிறது புரியவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் வேற ஒரு பிக்சர் ட்யூப் கம்பெனி எங்கயாவது ஆள் எடுப்பான்னு தேடிட்டு இருந்தேன்னா பாத்துக்கோங்க.

அண்ணன் சொன்ன பிரேம் சர்டிபிகேட் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. வேலை போனவுடனே முதல்ல ஒரு மூணு மாச கம்ப்யூட்டர் கோர்ஸ்ல எங்களை மொத்தமா தள்ளி விட்டாங்க. டைப்பிங், லெட்டர் அடிக்கிறது, கலர் கலரா ஸ்லைடு போடுறது. பர்னஸ் பக்கத்துல நின்னு வளர்ந்த ஆளுங்க, எழுத்தை ஒரு விரலால தேடித் தேடி அடிச்சுட்டு இருந்தோம். இதை முடிச்சா எந்த கம்பெனி எடுக்கும்னு ஒருத்தர் கேட்டதுக்கு "ஸ்கில் இருந்தா வேலை தேடி வரும்"னாங்க. வரல. அந்த பேட்ச்ல யாருக்கும் அதை வச்சு வேலை கிடைச்சதா எனக்கு ஞாபகம் இல்ல.

ரெண்டாவதா சேர்ந்ததுதான் சிஎன்சி கோர்ஸ், அதாவது புரோகிராம் அடிச்சு உலோகம் வெட்டுற மெஷினை ஓட்டுறது, ஆறு மாசம். அப்ப எனக்கு 43.

முதல் நாள் ஒரு ஸ்டீல் பீஸையும், தடிமனைத் துல்லியமா அளக்குற மைக்ரோமீட்டரையும் கையில குடுத்து அளக்கச் சொன்னாங்க. சொல்லிக் குடுக்குற பையனுக்கு 26, 27 வயசு இருக்கும். நான் பாத்துட்டு 12.37ன்னேன். அவன் வாங்கிப் பாத்துட்டு 12.87ன்னான். மைக்ரோமீட்டர்ல திம்பிளை, அதாவது கையால சுத்துற உருளையை, ஒரு முழு சுத்து சுத்தினா அரை மில்லிமீட்டர்தான் நகரும், அதுல 50 கோடு, ஒரு கோடு 0.01. அதனால ஸ்லீவ்ல, அதாவது சுத்தாம நிக்கிற உருளையில, 12 கோட்டைத் தாண்டி கீழ அரை மில்லிமீட்டர் கோடு ஒண்ணு வெளிய தெரியுதான்னு பாக்கணும், தெரிஞ்சா 0.5 கூட்டணும். நான் அதைப் பாக்கல. அரை மில்லிமீட்டர்ங்கிறது ஏழு தலைமுடியை அடுக்கி வச்ச தடிமன், அந்த உலகத்துல அது ஒரு ஊரே வித்தியாசம். பக்கத்துல இருந்த 19 வயசு பையன் லேசா சிரிச்சான். கெட்ட பையன் இல்ல, பின்னாடி ரொம்ப நெருக்கமாயிட்டான், ஆனா அந்த சிரிப்பு அன்னைக்கு ராத்திரி பூரா தூங்க விடல. 17 வருஷம் என்கிட்ட வந்து "இது சரியா இருக்கா"ன்னு எத்தனை பேர் கேட்டிருப்பான், இப்ப ஸ்கேல் படிக்கத் தெரியாத ஆளா நிக்கிறேன். கோர்ஸை விட்டுப் போனவங்க எங்க பேட்ச்ல அஞ்சு பேர். பாடம் கஷ்டம்னு போனவர் ஒருத்தர்தான், மத்தவங்களால இந்த மாதிரி நிக்க முடியல, அதுல ரெண்டு பேருக்கு வீட்டுல காசு இல்லாத பிரச்சினையும் சேர்ந்துக்கிச்சு.

அப்புறம் புள்ளி. புள்ளின்னா நிஜமாவே புள்ளி. நாங்க பழகின மெஷின் கன்ட்ரோல்ல எக்ஸ் 10ன்னு எழுதி பின்னாடி புள்ளி வைக்கலன்னா அது 10 மில்லிமீட்டர் இல்ல, 10 மைக்ரான், அதாவது 0.01 மில்லிமீட்டர்னு எடுத்துக்கும். எல்லா மெஷினும் அப்படி இல்ல, செட்டிங்கைப் பொறுத்தது. நான் டூலை மேல தூக்குற லைன்ல ஜி00 இசட் 100ன்னு (முழு வேகத்துல மேல போன்னு அர்த்தம்) அடிச்சுட்டு புள்ளியை விட்டுட்டேன். டூல் 100 மில்லிமீட்டர் மேல போறதுக்கு பதிலா பீஸுக்கு மேல 0.1 மில்லிமீட்டர்ல நின்னுச்சு, அடுத்த லைன்ல முழு வேகத்துல பக்கவாட்டுல போகணும், போற வழியில பீஸைப் பிடிச்சிருக்குற கிளாம்ப். டிரை ரன்னுங்கிற சோதனை ஓட்டம் போட்டு வேகத்தைக் குறைச்சு, நகர்றதை நிறுத்துற ஃபீட் ஹோல்டு பட்டன் மேல கை வச்சுட்டு நின்னதால தப்பிச்சேன். ஒரு புள்ளிக்கு டூலைச் சுத்துற ஸ்பிண்டிலே போயிருக்கும்.

இதெல்லாம் படிச்சா அண்ணன் "அதான் சொன்னேன்ல"ம்பார். இருங்கண்ணே, மீதியும் கேளுங்க.

மூணாவது மாசம் 200 மில்லிமீட்டர் நீள அலுமினிய பீஸ் ஒண்ணு வெட்டினோம். மெஷின்ல இருந்து எடுத்த உடனே பசங்க அளந்தாங்க, சைஸ் ஜாஸ்தி, இன்னொரு கட் போடலாம்னாங்க. நான் பீஸைத் தொட்டுப் பாத்துட்டு "சூடா இருக்கு, கொஞ்ச நேரம் விடுங்க"ன்னேன். கண்ணாடி லைன்ல இருந்தவனுக்கு சூடா இருக்குற பொருள் உண்மை சொல்லாதுன்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் நீளும், அப்ப அந்த பீஸ் 5 டிகிரி சூடா இருந்தாலே 23 மைக்ரான் கூடக் காட்டும். டிராயிங்ல போட்டிருக்குற சைஸ் எல்லாமே 20 டிகிரி செல்சியஸுக்குன்னு உலகம் பூரா வச்சிருக்காங்க. அரை மணி நேரம் கழிச்சு அளந்தா சைஸ் கரெக்டா இருந்துச்சு. இன்னொரு கட் போட்டிருந்தா ஸ்கிராப். சொல்லிக் குடுத்த பையன் அன்னைலேர்ந்து என்னை சார்னு கூப்பிட ஆரம்பிச்சான், எனக்குதான் கூச்சமா இருந்துச்சு.

எங்க பழைய லைன்ல இருந்த இன்னொரு அண்ணன் ஊசி மருந்து தயாரிக்கிற கம்பெனிக்குப் போனார். அங்க மருந்து பாட்டில்ல நிரப்புற இடத்துக்கு ஐஎஸ்ஓ கிளாஸ் 5ன்னு காத்து சுத்தத்துக்கு ஒரு அளவு, ஒரு கன மீட்டர் காத்துல 0.5 மைக்ரானும் அதுக்கு மேலயும் இருக்குற துகள் 3,520க்கு மேல இருக்கக் கூடாது. டிரஸ் போடுறதுக்கே தனி பயிற்சி, கவுன் தரையில பட்டா கழட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்து. அவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, பாஸ்பர் செக்‌ஷன்ல ஒரு தூசி விழுந்தா திரையில கரும்புள்ளின்னு வாழ்ந்தவர் ஆச்சே. மெதுவா நடக்குறது, கையை வீசாம இருக்குறது உடம்புலயே இருந்துச்சு. அவரைப் படுத்தினது பேப்பர்தான். மருந்து தயாரிக்கிறதை எழுதி வைக்கிற பேட்ச் ரெக்கார்டுல ஒவ்வொரு வேலையும் செஞ்ச உடனே எழுதணும், தப்பா எழுதிட்டா கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சு பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்தும் தேதியும் போடணும், அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். "என் தப்பை நானே கையெழுத்துப் போட்டு வச்சுட்டு வரணுமாடா"ன்னு புலம்புவார். பழைய இடத்துல தப்பு பண்ணா மறைக்கிறதுதான் பொழைக்கிற வழி, இங்க மறைச்சாதான் வேலை போகும். இந்தப் பழக்கத்தை மாத்த அவருக்கு ஒரு வருஷம் ஆச்சாம்.

பெரிய அளவுல நடந்த கதை ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல கன்னாபோலிஸ்னு ஒரு மில் ஊர். 2003 ஜூலைல பில்லோடெக்ஸ்னு துண்டு, பெட்ஷீட் பண்ற கம்பெனி மூடுச்சு, அந்த மாநிலத்துல மட்டும் சுமார் 4,800 பேர் வேலை போச்சு. அப்புறம் மில்லை இடிச்சுட்டு அதே இடத்துல பயோடெக் ஆராய்ச்சி வளாகம் வருதுன்னு 2005ல அறிவிச்சாங்க. கேக்க அழகா இருக்குல்ல? ஆனா மில்லுல இருந்தவங்க நிறைய பேர் ஹைஸ்கூலே முடிக்காதவங்க, அவங்களுக்கு முதல் படி பயோடெக் இல்ல, ஸ்கூல் கணக்கு. அதைத் தாண்டி வர்றதுக்குள்ள வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும், கிடைச்ச வேலைக்கு ஓடிடுவாங்க. யாரைக் குத்தம் சொல்றது.

அதுக்காக படிப்பே வீண்னு இல்ல. ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன்னு மூணு பொருளாதார நிபுணர்கள் 1990கள்ல வாஷிங்டன் மாநிலத்துல வேலை போனவங்க கம்யூனிட்டி காலேஜ்ல என்ன படிச்சாங்க, பின்னாடி என்ன சம்பாதிச்சாங்கன்னு கணக்கெடுத்தாங்க. கணக்கு, சயின்ஸ், டெக்னிக்கல் பாடம் எடுத்தவங்களுக்கு வருமானம் நல்லாவே ஏறியிருக்கு, மத்த பொதுவான பாடம் எடுத்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. அதைப் படிச்சப்ப எனக்கு அந்த ஸ்லைடு கோர்ஸ்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அதனால அண்ணே, எங்க சேர்ந்தாலும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி உள்ள போய் மெஷினை எண்ணுங்க. 30 பேருக்கு ஒரு மெஷின்னா திரும்பி வந்துடுங்க. போன பேட்ச் ஆள் ரெண்டு பேர் நம்பர் கேளுங்க, தயங்கினா அதுவே பதில். எந்த கம்பெனி ஆள் வந்து பாடத்தைப் பாத்துட்டுப் போறான்னும் கேளுங்க, ஏன்னா எனக்கு வேலை கிடைச்சது சர்டிபிகேட்டைப் பாத்து இல்ல, அஞ்சாவது மாசம் ஒரு கம்பெனி சூப்பர்வைசர் வந்து ஷாப்ல நான் செட்டிங் போடுறதை பத்து நிமிஷம் பின்னாடி நின்னு பாத்தார், அதுல. கணக்குக்கு பயப்படாதீங்க, சைன், காஸ் எல்லாம் ஸ்கூல்ல புரியாதது டேப்பர், அதாவது சரிவா குறுகுற வடிவம், வெட்டும்போது புரிஞ்சுடும், எனக்குப் புரிஞ்சுது.

இப்ப ரெண்டு வருஷமா சாயங்காலத்துல நானே அதே இடத்துல அளவு எடுக்குற பாடம் சொல்லிக் குடுக்குறேன். முதல் நாள் யாரையும் முதல்ல அளக்கச் சொல்ல மாட்டேன். நானே மைக்ரோமீட்டரை எடுத்து அளந்து, அரை மில்லிமீட்டரை விட்டுட்டு, சத்தமா தப்பா போர்டுல எழுதுவேன். எல்லாரும் நோட்டுல எழுதிக்குவாங்க. அப்புறம் கருவியை பெஞ்சு பெஞ்சா அனுப்பி வச்சுட்டு சும்மா உக்காந்துடுவேன். போன பேட்ச்ல அது கடைசி பெஞ்சுக்குப் போச்சு, 20 வருஷம் தையல் மெஷின்ல இருந்துட்டு வந்த அக்கா ஒருத்தங்க ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஏதோ கிசுகிசுத்துட்டு, மெதுவா கையைத் தூக்கி "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஒரு கோட்டை விட்டுட்டீங்கன்னு தோணுது"ன்னாங்க.

திங்கக்கிழமை புது பேட்ச் ஆரம்பிக்குது. அண்ணே, ஒரு சீட் சொல்லி வச்சிருக்கேன்.