வேர் கீழ்நோக்கி வளைவது எப்படி: விகாரி நாற்றுகளை வைத்துப் பார்த்த அனுபவம்

ஆய்வுகூடங்களில் பயன்படும் சிறு செடியான அரபிடோப்சிஸ் 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நன்றாக வளரும் என்பதால், கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் அதை வளர்க்க நினைப்பதே வீண். ஆகவே வாடை தொடங்கிய பின்னரே, குளிரூட்டி உள்ள அறையில் வேலையை ஆரம்பித்தேன். பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் பணிபுரியும் நண்பர் மூன்று வகை விதைகளைத் தந்திருந்தார்: இயல்பான செடி, மாப்பொருளை உருவாக்க இயலாத பிஜிஎம் விகாரி (விகாரி என்பது மரபணு மாறிய செடி), வளர்ச்சி ஓமோனான ஓட்சினைக் கலத்தினுள் எடுத்துவரும் புரதம் செயலிழந்த ஓக்ஸ்1 விகாரி.

நோன்புக் காலத்தில் கடைகளில் குவிந்திருக்கும் கடற்பாசியையே காய்ச்சி வடித்து பெத்திரிக் கிண்ணங்களில் ஊற்றினேன். குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் வைத்த விதைகளை அதன்மேல் வரிசையாக இட்டுக் கிண்ணங்களை நிமிர்த்தி வைத்தால், வேர்கள் பரப்பின்மீதே இறங்கும்; பின்னர் கிண்ணத்தை 90 பாகை திருப்பி, கைபேசியால் படமெடுத்துப் பாகைமானியால் கோணத்தை அளக்கலாம்.

இயல்பான நாற்றின் வேர்நுனி சில மணி நேரத்துக்குள் தெளிவாக வளைந்துவிட்டது. பிஜிஎம் தயங்கியது, ஆனாலும் மறுநாள் பார்த்தபோது அதுவும் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். வேர்மூடியின் கலங்களில் மாப்பொருள் மணிகள் அடியில் படிவதாலேயே செடி ஈர்ப்பின் திசையை உணர்கிறது என்ற கருத்தை 1900ஆம் ஆண்டில் ஹேபர்லாண்ட், நேமெட்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே முன்வைத்தனர். அயடீன் இட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினால், இயல்பான வேரின் நுனியில் கருநீலப் புள்ளிகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பிஜிஎம் வேரிலோ அயடீனின் வெளிர்மஞ்சளைத் தவிர வேறொன்றுமில்லை. மணிகளே இல்லாத வேர் தாமதமாகவேனும் வளைகிறதென்றால், மாப்பொருள் உணர்வைக் கூர்மையாக்குகிறதேயன்றி, அது இல்லாவிட்டால் உணர்வே இல்லையென்று சொல்ல முடியாது. 1989இல் வெளிவந்த ஆய்வுகளும் இதையே விவாதித்தன. முற்றிலும் வளையாத விகாரியைவிட, அரைகுறையாக வளையும் விகாரியே அதிகம் கற்றுத்தருகிறது என்பது என் எண்ணம்.

ஓக்ஸ்1 வேறு வகைக் குறைபாடு. அதன் வேர்நுனியில் மணிகள் உள்ளன. ஆயினும் வேர்கள் திசையறியாமல் சுருண்டும் பக்கவாட்டிலும் ஓடின. ஈர்ப்பை உணர்ந்தாலும், வேரின் கீழ்ப்பக்கம் ஓட்சின் கூடுதலாகச் சேர்ந்து அப்பக்க வளர்ச்சியைத் தடுத்தால்தானே வளைவு உண்டாகும்? உள்ளே எடுத்துவரும் அந்தப் புரதத்தின் உதவியின்றியே கலத்தினுள் பரவக்கூடிய செயற்கை ஓட்சினான என்ஏஏயை மிகச் சிறிதளவு ஊடகத்தில் கலந்தபோது (கரைசலும் நண்பர் தந்ததே), அதே விகாரியின் வேர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கின.

அடுத்ததாக ஸ்கேர்குரோ விகாரியைக் கேட்டிருக்கிறேன். தண்டில் ஈர்ப்பை உணரும் கல அடுக்கான அகத்தோல் சரியாக அமையாத அந்தச் செடியில் வேர் ஈர்ப்புக்கு வளையும், தண்டு வளையாது. அதனால் அடுத்த முறை கிண்ணங்களை இருளில் வைத்து, வேரோடு வித்திலைக் கீழ்த்தண்டின் கோணத்தையும் அளக்கவேண்டும்.