ஃபேஸ் ஒன் கிளீன், சரி. கட்டடம் நிற்குமா?

கலிஃபோர்னியாவில் கடையோ கிடங்கோ வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி சொல்வது: "ஃபேஸ் ஒன் வந்துடுச்சு, கிளீன்னு போட்டிருக்காங்க, அப்புறம் என்ன?" ஃபேஸ் ஒன் என்பது இடம் வாங்கும் முன் எடுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை; அது பார்ப்பது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பெட்ரோல், டிரை கிளீனிங் ரசாயனம் மாதிரி ஏதாவது கலந்திருக்க வாய்ப்புண்டா என்பதைத்தான். நிலநடுக்கம் அதன் வரம்பிலேயே வராது. தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கொடுத்தால்தான் உண்டு.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், நிலநடுக்க ஆபத்தைப் பற்றிய பாதி விஷயம் அந்த அறிக்கையின் பின்னிணைப்பிலேயே கிடக்கும். பழைய ஊர்ப்பகுதி என்றால் சான்போர்ன் வரைபடம் வைத்திருப்பார்கள், அந்தக் காலத்தில் தீ காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. சுற்றுச்சூழல் ஆள் அதில் பெட்ரோல் டேங்க் இருந்ததா, லாண்டரி இருந்ததா என்று தேடிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதே தாளில் மரக்கட்டடத்துக்கு மஞ்சள், செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு என்று வண்ணம் தீட்டியிருக்கும் (கறுப்பு வெள்ளை நகல் கொடுத்தால் விடாதீர்கள், கலர் கேளுங்கள்). நீங்கள் வாங்கும் கட்டடம் இளஞ்சிவப்பு, 1933 லாங் பீச் நிலநடுக்கத்துக்கு முன்னால் கட்டியது என்றால், கம்பி வைக்காத, நிலநடுக்கத்தில் எளிதில் இடிகிற செங்கல் சுவராக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

கொட்டி நிரப்பிய மண்ணும் அப்படித்தான். ஈயம் இருக்குமோ என்று ஒரு பத்தி எழுதுவார்கள். நீர் ஊறிய அந்த மண் குலுங்கினால் கூழாகிவிடும் என்பதை யாரும் எழுதுவதில்லை. 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் மையம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் சான் ஃபிரான்சிஸ்கோவின் மரீனா பகுதி அடிவாங்கியது இந்த நிரப்பு மண்ணால்தான்.

கடன் கொடுப்பவர் கேட்டால் பிஎம்எல் அறிக்கை வரும். 50 ஆண்டில் 10 சதவீத வாய்ப்புள்ள ஒரு நில அதிர்வு வந்தால், கட்டடத்தைப் புதிதாகக் கட்டும் செலவில் எத்தனை சதவீதம் பழுதுபார்க்கப் போகும் என்கிற கணக்கு அது. 20-ஐத் தாண்டினால் பெரும்பாலும் காப்பீடு எடு அல்லது கட்டடத்தை வலுப்படுத்து என்பார்கள். 18 வந்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அது பணக் கணக்கு, உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதை அந்த எண் சொல்லாது. அது சராசரி இழப்பா, மோசமான நிலையில் வரக்கூடிய மேல்வரம்பா என்றும் கேளுங்கள், ஒரே கட்டடத்துக்கு இரண்டும் வேறு வேறாகத்தான் வரும்.

இதற்கெல்லாம் முன்னால், மாநில நிலவியல் துறையின் (California Geological Survey) இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். துறை வரைந்து முடித்த பகுதி என்றால், நிலப் பிளவு (ஃபால்ட்) மண்டலமா, மண் கூழாகும் மண்டலமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.