வலி போனதும் பாதியில் விட்ட பல்

போன வாரம் அம்மா போனில் சொன்னது இது: "வலிதான் போயிருச்சே, இனிமே எதுக்குடி கேப்பு? அந்த ஏழாயிரத்துக்கு ஃப்ரிட்ஜையாவது சரி பண்ணலாம்." கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வார்த்தையை நானும் சொன்னேன். அதனால் ஒரு பல்லையே இழந்தேன். அம்மாவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், யாராவது ரூட் கேனால், அதாவது பல்லுக்கு உள்ளே கெட்டுப்போனதை எடுத்து அடைக்கும் சிகிச்சை, முடித்துவிட்டு அந்தப் பல்லுக்கு மேல் உறை மாதிரி மாட்டும் கேப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் உதவட்டும்.

எனக்குப் போனது இடது பக்கம் கீழே இருக்கும் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயது வாக்கில் முளைக்கிற பல் அது. எந்தப் பால் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் பின்னால் வந்துவிடுவதால், அதுவும் விழுந்து முளைக்கும் என்று நினைத்துப் பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆயுசுக்கும் அது ஒன்றுதான். எனக்கு அதில் சின்ன வயதிலிருந்தே சொத்தை இருந்தது. 29 வயதில் ஜில் தண்ணீர் பட்டால் கூச ஆரம்பித்தது, அப்புறம் சூடான டீ பட்டாலும் வலித்தது, வாயை எடுத்த பிறகும் அந்த வலி ஐந்து நிமிஷம் நின்றது. கடைசியில் ஒன்றும் படாமலே ராத்திரியில் படுத்தவுடன் காது வரைக்கும் தெறித்தது. பல்லுக்கு உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற கூழ் வீங்கும்போது, சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் அந்த வீக்கத்துக்குப் போக இடமில்லை. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் இன்னும் மோசம். நான்கு ராத்திரி கிராம்பை அடக்கிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிய பிறகுதான் பல் டாக்டரிடம் போனேன்.

ரூட் கேனாலைப் பற்றிப் பயமுறுத்தாதவர்கள் நம் ஊரில் குறைவு. உண்மையில் ஊசி நன்றாகப் பிடித்துவிட்டால் உதடு பாதி மரத்துப்போகும், அதற்குப் பிறகு வாயைத் திறந்து வைத்திருக்கும் அலுப்புதான் பெரிது. மேலே துளை போட்டு, கெட்டுப்போன கூழை எடுத்து, வேருக்குள் ஓடும் கால்வாய்களை மெல்லிய ஃபைல்களால் நுனி வரைக்கும் சுத்தம் செய்து, கிருமி கொல்லும் திரவத்தால் கழுவி, கட்டா பெர்ச்சா என்கிற, மரப்பாலிலிருந்து வரும் ரப்பர் மாதிரியான பொருளால் அடைக்கிறார்கள். இரண்டு தடவை போனேன், முடிந்தது. இரண்டு வாரத்தில் கேப் போட வரச் சொன்னார்கள்.

நான் போகவில்லை. வலி இல்லை, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று பதினோரு மாதம் ஓடிவிட்டது. எங்கள் ஊர் கோவில்பட்டி, வீட்டில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். ஒருநாள் அதைக் கடித்தபோது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். நரம்புதான் எடுத்தாகிவிட்டதே, அதனால் பல்லில் பெரிதாக வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் ஈறு வீங்கிய பிறகு போய்ப் பார்த்தால், விரிசல் மேலிருந்து இரண்டு வேர்களுக்கும் நடுவில் இறங்கியிருந்தது. ஈறுக்கு மேலே ஓர் ஓரம் உடைந்திருந்தால் கட்டிக் காப்பாற்றியிருக்கலாம், இப்படி வேர் வரைக்கும் பிளந்ததை ஒட்ட வழியில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

ஏன் இப்படிப் பிளக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். நரம்பை எடுத்தால் பல் காய்ந்து உளுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், முக்கியமான காரணம் அது இல்லை. சொத்தை ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கிறது, கால்வாய்களை எட்டுவதற்காகப் பல்லின் கூரையையும் டாக்டர் எடுத்துவிடுகிறார், மிஞ்சுவது நாலு பக்கமும் மெல்லிய சுவர்தான். நாம் மெல்லும்போது அந்தச் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அழுத்தம் விழுகிறது. பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவதுபோல கேப் சுற்றிலும் பிடித்துக்கொள்கிறது. முன்பல்லில் சின்ன ஓட்டைதான் என்றால் சில சமயம் அடைத்தாலே போதும். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் வேண்டும்.

என்னை இன்னும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. பல் எடுத்த இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும். தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளான்ட் வைக்க அப்போது பணம் இல்லை, அதனால் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பொய்ப்பல்லான பிரிட்ஜ் போட்டேன். அதற்காக முன்னும் பின்னும் இருந்த இரண்டு நல்ல பற்களை, ஒரு புள்ளி சொத்தைகூட இல்லாத பற்களை, ராவிச் சின்னதாக்கினார்கள். ஒரு கேப்பைத் தள்ளிப்போட்டதற்கு மூன்று கேப். பிரிட்ஜுக்கு அடியில் சிக்குவதை எடுக்க இன்றைக்கும் தினமும் ராத்திரி சின்ன பிரஷ்ஷை நுழைத்துச் சுத்தம் செய்கிறேன்.

அம்மா கதைக்கு வருகிறேன். அவளுக்கு வலது பக்கம் அதே பல். நடுவில் ஒரு மாதம் வலி தானாகவே நின்றுபோனது, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். உள்ளே கூழ் செத்துப்போனால் இப்படித்தான் நிற்கும், கிருமி நிற்காது. அப்புறம் கன்னம் வீங்கியது. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டாள், வீக்கம் வடிந்தது, மறுபடி வந்தது. செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? பிடுங்கிவிடச் சொன்னவளைக் கெஞ்சி ரூட் கேனாலுக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாள் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டோம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய் இருக்கும், அம்மாவுக்கு நான்கு. கடைசி எக்ஸ்ரேயில் நான்கு வெள்ளைக் கோடும் வேர் நுனி வரைக்கும் தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஃப்ரிட்ஜ் போன்.

நான் சண்டை போடவில்லை. என் பிரிட்ஜ் கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன், அதுவரை அவளுக்குப் பல் எடுத்தது மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "சரி, சனிக்கிழமை வா" என்றாள். பல்லைச் சுற்றிலும் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் ராவி, அளவு எடுத்து, தற்காலிகமாக ஒரு கேப் ஒட்டி அனுப்பினார்கள். முழு உலோகம், உலோகத்துக்கு மேல் செராமிக், ஜிர்கோனியா என்று மூன்றைக் காட்டினார்கள். பின்னால் இருக்கும் பல்தானே, எது பலமோ அது போதும் என்று நான் நினைத்தேன், அம்மா பக்கத்துப் பல் நிறத்திலேயே வேண்டும் என்று ஜிர்கோனியா கேட்டாள். கேட்கட்டும், அவள் சிரிப்பு.

கேப் போட்டால் இனிச் சொத்தையே வராது என்று அவள் நம்பியதை மட்டும் டாக்டர் திருத்தினார். கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தில் அழுக்கு சேர்ந்தால் அடியில் மறுபடி அரிக்கும், அங்கே பிரஷ் நன்றாகப் படவேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை நிரந்தரக் கேப்பை ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்கு முன்னால் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். கேப் கொஞ்சம் உயரமாக இருந்தால் அதில் தெரிந்துவிடும், அப்படியே விட்டால் பிறகு மெல்லும்போதெல்லாம் அந்தப் பல்தான் அடிவாங்கும், வலிக்கும். டாக்டருக்குத் தொந்தரவு என்று நினைத்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு அவசரப்பட்டுச் சொல்லிராதம்மா, பத்து தடவை கடிச்சுப் பாரு என்று நேற்றே சொல்லி வைத்திருக்கிறேன்.