மோடம் போட்டா கேமராவ எடுங்க

எங்க போட்டோ வாட்ஸப் குரூப்ல ஆனி, ஆடி வந்தாலே ஒரே பொலம்பல்தான். வானம் டல்லா இருக்கு, வெயிலே இல்ல, இந்த ஞாயித்துக்கிழமை வேணாம் மச்சின்னு ஒவ்வொருத்தனா கழண்டுக்குவானுங்க. எனக்கு அப்பதான் சீசனே ஆரம்பிக்குது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லேண்ட்ஸ்கேப் எடுக்கணும்னா மோடம் போட்ட, அதாவது மேகம் மூடின நாள விட நல்ல நாள் கிடையாதுன்னு அடிச்சு சொல்வேன், அதுக்குக் காரணம் வானம் கூட இல்ல, நம்ம ஊர் பாறை.

இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டப் பாறைக் குன்றுதானே. ராயக்கோட்டை, ஜெகதேவி, சூளகிரி, கிருஷ்ணகிரியில சையத் பாஷா மலை. மூணாவது மைசூர் போர் முடிஞ்ச 1792ல இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் கூடப்பொறந்தவரோட பையன் வில்லியமும் இந்த வழியா வந்து ராயக்கோட்டை, ஜெகதேவி மலையெல்லாம் வரைஞ்சு வச்சிட்டுப் போயிருக்காங்க, அவ்வளவு பழைய மாடல்கள் இதுங்க. ஆனா பளீர்னு வெயில் அடிக்கிறப்ப இந்தப் பாறைய எடுத்துப் பாருங்க, வெயில் படுற பக்கம் வெள்ளையா வெடிச்சுப் போயிருக்கும், இடுக்கெல்லாம் கருகருன்னு கெடக்கும், நடுவுல எதுவும் இருக்காது, எவ்வளவு பெரிய கேமரான்னாலும் ரெண்டையும் ஒரே படத்துல சமாளிக்கிறது கஷ்டம். மோடம் போட்டா சூரியன்ற ஒரு புள்ளில இருந்து வந்த வெளிச்சம் மொத்த வானத்துல இருந்தும் வருது, ட்யூப்லைட்டுக்குக் குறுக்க வெள்ளை வேட்டிய கட்டி விட்ட மாதிரி. நிழலுக்கு ஓரமே இருக்காது. அப்பதான் பாறையில இருக்கிற லேசான ரோஸ் கலர், மழைத்தண்ணி வழிஞ்சு வழிஞ்சு விழுந்த கறுப்புக் கோடு, அங்கங்க ஒட்டியிருக்கிற பச்சையும் மஞ்சளுமான பாறைப்பாசி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். லேசா தூறல் விழுந்து பாறை நனைஞ்சிட்டா இன்னும் ஜோர்.

மோடம் எவ்வளவு கெட்டின்னு பாக்க லைட் மீட்டரே வேணாம், உங்க நிழலப் பாருங்க. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ன்ற அளவு) 100, ஷட்டர் 1/100 செகண்ட் வச்சுக்கிட்டா நல்ல வெயிலுக்கு எஃப் 16 (லென்ஸ் வாய் தொறக்கிற அளவு, நம்பர் குறைஞ்சா வாய் பெருசு), நிழல் இருக்கா இல்லையான்னு மங்கலா தெரிஞ்சா எஃப் 8, நிழலே இல்லன்னா எஃப் 5.6. பிலிம் காலத்துக் கணக்குதான், இன்னைக்கும் பெருசா தப்பாது.

நம்ம ஊருக்கு ஒரு தனி வசதி இருக்கு, ஆனி, ஆடியில மேகம் வர்ற அளவுக்கு மழை வராது. தென்மேற்குப் பருவமழை மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே முக்கால்வாசி கொட்டிட்டு, மிச்சத்த கர்நாடகாவுல விட்டுட்டு, இங்க வர்றப்ப பெரும்பாலும் காத்தும் மேகமுமாதான் வந்து சேருது. பாலக்கோடு தாண்டி ஒரு கரட்டுல ட்ரைபாட் போட்டு நின்னப்ப ஆடு மேய்ச்சிட்டிருந்த அம்மா ஒருத்தங்க, "இந்தக் காத்துக்கு எங்க சாமி மழ நிக்கும், நீ பாட்டுக்கு எடு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அதே மாதிரி ஒரு சொட்டு விழல. அந்தக் காத்துல இன்னொரு லாபம், மேகம் வேகமா ஓடுறதால நடுவுல கிழிசல் விழும், அந்தக் கிழிசல் வழியா வர்ற வெயில் ஒரே ஒரு ராகிக் கொல்லை மேலயோ ஒரே ஒரு குன்று மேலயோ விழுந்து நகர்ந்துக்கிட்டே போகும், சுத்தி எல்லாம் இருட்டா இருக்கும். அதுக்கு தூரத்துல இருக்கிறத கிட்ட இழுக்கிற 70-200 லென்ஸ் போட்டு உயரமான இடத்துல பொறுமையா உக்காரணும், வெளிச்சம் எங்க போகுதுன்னு பாத்து அதுக்கு முன்னாடியே ஃப்ரேம் வச்சுக்கணும், துரத்திக்கிட்டுப் போனா கிடைக்காது.

வானத்த எவ்வளவு சேர்க்கிறதுன்னு கேட்டா என் பதில் கொஞ்சம் கறார்தான். மேகத்துக்கு உருவம் இருந்தா சேருங்க, பால் காய்ச்சி ஊத்தின கணக்கா ஒரே வெள்ளையா இருந்தா மொத்தமா வெட்டிடுங்க. மோடம் போட்டாலும் வானம் தரைய விட ரொம்ப பிரகாசம்தான், கண்ணு அத சமாளிச்சிடுது, கேமரா சமாளிக்காது. கேமரா எதையும் நடுத்தர சாம்பலாக்கத்தான் பாக்கும், அதனால வானம் நிறைய உள்ள வந்தா அத சாம்பலாக்கிட்டு கீழ நெலத்த இருட்டாக்கிடும். ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) பாத்துக்கிட்டே எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல, அதாவது வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற செட்டிங்ல, ப்ளஸ் 0.7 கிட்ட ஏத்தினா பெரும்பாலும் சரியாயிடும். வத்தல்மலையில கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போயி பனிமூட்டத்துக்குள்ள காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம்னு எடுக்கிறீங்கன்னா ப்ளஸ் 1 கூட போகலாம், மூட்டம் வெள்ளையா இருந்தாதான் மூட்டம். ரா ஃபைல்ல (கேமரா கை வைக்காத ஃபைல், கலர அப்புறமா மாத்திக்கலாம்) எடுங்க, கலர தானா சரி பண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் கொஞ்சம் நீலம் அடிக்கும், அத 6000ல இருந்து 6500 கெல்வினுக்குள்ள வச்சா நம்ம செம்மண் செம்மண்ணா வரும். ரொம்ப ஏத்திட்டா கல்யாண ஆல்பம் ஆயிடும், அதுவும் வேணாம்.

கலர்னு சொன்னா ராயக்கோட்டை பக்கம் செண்டுமல்லித் தோட்டம்தான். வெயில்ல அந்த ஆரஞ்ச எடுத்தா சென்சார்ல சிவப்பு அளவு உச்சத்துல முட்டிக்கிட்டு இதழே தெரியாம ஒரு ஆரஞ்சு திட்டா நிக்கும், மோடத்துல ஒவ்வொரு இதழும் தனித்தனியா தெரியும். மாந்தோப்பும் அப்படித்தான், நனைஞ்ச அடிமரம் கறுப்பா, கொழுந்து செவப்பா. ஆனா ஒண்ணு, மார்கழி, தையில மாம்பூ எடுக்கிற நேரத்துல மோடம் போட்டா தோட்டக்காரங்க முன்னாடி போயி "சூப்பர் லைட்டுங்கண்ணா"ன்னு சொல்லிடாதீங்க, தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வந்து பூவெல்லாம் கொட்டிடும்னு அவங்க வயித்துல புளியக் கரைச்சிட்டு நிப்பாங்க.

ஒகேனக்கல் இந்த விஷயத்துல தனி ரகம். நம்ம ஊர்ல மழையே இல்லன்னாலும் கர்நாடகாவுல கபினி, கிருஷ்ணராஜசாகர் அணையில தண்ணி தொறந்து விட்டா எல்லையில இருக்கிற பிலிகுண்டுலு தாண்டி இங்க வந்து கொட்டும், செம்மண் கலர்ல தண்ணி, மேல சாம்பல் வானம், நடுவுல கறுப்புப் பாறை. உச்சி வெயில்ல அருவி எடுத்தா வெள்ளைத் தண்ணி வெடிச்சிடும், ஷட்டரையும் மெதுவாக்க முடியாது. மோடத்துல ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வச்சு போலரைசர்னு ஒரு ஃபில்டர் மாட்டினா, வெளிச்சத்த குறைக்கிற கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் இல்லாமலே 1/8, 1/4 செகண்ட் கிட்ட வந்துடலாம். சொல்லப்போனா எனக்கு அந்தப் பட்டு பட்டா பல செகண்ட் இழுக்கிற ஸ்டைல் பிடிக்கிறதில்ல, காவிரி வர்ற வேகத்த 1/4 செகண்டே காட்டிடும், அதுக்கு மேல போனா பஞ்சு மிட்டாய்தான். போலரைசர் வானத்துக்கு இல்லைங்க, நனைஞ்ச பாறை மேலயும் இலை மேலயும் இருக்கிற வெள்ளை மினுமினுப்ப எடுக்கிறதுக்கு, அத சுத்தி விட்டு கண்ணால பாருங்க, வித்தியாசம் தெரியும். சாரல் லென்ஸ்ல அடிச்சுக்கிட்டே இருக்கும், லென்ஸ் முன்னாடி மறைப்பா ஹூட் மாட்டுங்க, துணி ஒண்ணுக்கு மூணா வச்சுக்கங்க. வரத்து அதிகமானா பரிசல நிறுத்திடுவாங்க, குளிக்கவும் விட மாட்டாங்க, அப்ப போலீஸ்காரர்கிட்ட மல்லுக்கட்டாம மேல நின்னே எடுங்க, தண்ணி சட்டுன்னு ஏறும்.

மேகத்த நம்பி அசட்டையா இருக்கவும் கூடாது. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மிச்சம் இந்தப் பக்கம் வந்தப்ப ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ன வண்டியெல்லாம் அடிச்சிட்டுப் போச்சு. சித்திரை, வைகாசி சாயங்காலத்துல இடிமேகம் கோபுரமா எழும்பும், பாக்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா மொட்டப் பாறை உச்சியில ட்ரைபாடோட நிக்கிற இடம் இல்ல அது, இடி கேட்டா இறங்கிடணும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் போறவங்க இன்னொன்னும் பாக்கணும், மோடம் போட்ட நாள்ல அஞ்சரைக்கே இருட்டின மாதிரி ஆயிடும், ராகி முத்துற சமயத்துல யானைக் கூட்டம் காட்ட விட்டு வெளிய வர்ற நேரமும் அதுதான். இன்னும் ஒரு ஃப்ரேம்னு நிக்காதீங்க.

போன்ல எடுக்கிறவங்களும் இதெல்லாம் செய்யலாம், மேகத்து மேல விரல வச்சு தட்டி வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுத்தீங்கன்னாலே உருவம் வந்துடும். எடிட்டிங்ல கிளாரிட்டின்ற ஸ்லைடர கடைசி வரைக்கும் தள்ளி மேகத்த கரிப்புகையாக்குறது மட்டும் வேணாம். அப்புறம் கேமராக்காரங்களுக்கு, எஃப் 16ல சாம்பல் வானம் எடுத்தா சென்சார்ல ஒட்டியிருக்கிற ஒவ்வொரு தூசியும் புள்ளி புள்ளியா வரும், போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைச் சுவர எடுத்து செக் பண்ணிடுங்க. நனைஞ்ச கேமராவ பைக்குள்ளயே விட்டு வைக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிடும். அரிசி டப்பாவுல போடுற வைத்தியமும் வேணாம், மாவு உள்ள போகும். காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போட்டு வச்சா போதும்.