ஏழரை மணி

மும்பையில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஆறு வருடம் ஹவுஸ் ஃபாதராக, அதாவது பையன்களோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளாக, இருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பழைய பாய்கள், கால் உடைந்த நாற்காலி, ஒரு மங்கல் பல்பு. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘அமைதி அறை’. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

தாராவிப் பையன் ஒருவன், பதினான்கு வயது. ஒரு நாள் சாயங்காலம் டிவி ரிமோட்டைச் சுவரில் அடித்து உடைத்தான். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, நான் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை வைத்தேன். “அண்ணா, மூச்சு முட்டுது” என்றான். பேசுகிறவனுக்கு மூச்சு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். குப்புறக் கிடப்பவன் முதுகில் பாரம் ஏறினால் நெஞ்சு விரியாது, இப்படிச் சொல்லிக்கொண்டே உயிர் போனவர்கள் உண்டு என்பதெல்லாம் பிறகு பயிற்சியில்தான் தெரிந்தது. அன்றைக்கு அவனை அறைக்குள் விட்டுத் தாழிட்டோம்.

நான் ராமநாதபுரத்துக்காரன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தபோது எங்கள் வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாள் போட்ட கைக்கு அது ஞாபகம் வரவில்லை.

அப்புறம் ஆலோசகராக ஓர் அக்கா வந்தார். திட்டவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் மணி என்ன, யார் டூட்டி, அதற்கு முன்னால் பையனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதச் சொன்னார். மூன்று மாதத்தில் எங்கள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் மணி ஏழிலிருந்து எட்டு. பகல் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். நைட் டூட்டிக்காரர் ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பார். பசியோடு முப்பது பையன்கள், பெரியவர் ஒரே ஆள். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அநேகமாக “முடியாது, போ.” ஏழரை பிடித்திருந்தது எங்கள் டூட்டி சார்ட்டுக்குத்தான்.

ஆள் பற்றாக்குறையைக் காட்டி ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது, தனிமையில் அடைக்கவே கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு. அது மனநல நிலையங்களுக்கானது, எங்களைக் கட்டாது. “சட்டம் எழுதினவர் இங்கே ஒரு நைட் டூட்டி பார்க்கட்டும்” என்றார் ஒரு சீனியர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதற்காகப் பையனைப் பூட்டுவதா?

சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றினோம். பகல் ஆள் ஒருவர் எட்டு வரை இருந்தார். தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றினோம். பிடிப்பது அடியோடு நின்றுவிடவில்லை. கண்ணாடித் துண்டோடு நிற்பவனைப் பிடிக்காமல் என்ன செய்வது? ஆனால் குப்புறத் தள்ளுவது நின்றது. ஆறியதும் அவனோடு உட்கார்ந்து பேசுவது வழக்கமானது.

அந்தத் தாராவிப் பையனிடமும், ரொம்பத் தாமதமாக, கேட்டேன். “ரிமோட்டுக்காக இல்லண்ணா. அன்னிக்கு ஏழரைக்கு அம்மா போன் பண்றேன்னு சொல்லியிருந்தாங்க.”

போன் ஆபீஸ் அறையில் இருந்தது. ஆபீஸை ஏழு மணிக்கே பூட்டிவிடுவோம்.