கோப்புக்கு ஓர் உபயதாரர்

சேரன்மகாதேவிக்கு அருகில், நான் படித்து, பிறகு முப்பத்தொரு ஆண்டுகள் பாடமும் நடத்திய அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியின் மாடியில் 12 கிலோவாட் சூரிய மின் பேனல்கள் 2024 ஆனி மாதத்திலேயே ஏறிவிட்டன. அவற்றிலிருந்து மின்சாரம் கிடைத்ததோ தை மாதத்தில்தான். அதே மாடியில் சத்துணவு ஆயா காயப்போட்ட கூழ்வடகம் மூன்றே நாளில் பக்குவப்பட்டு டப்பாவுக்குள் போய்விடும். எங்கள் ஏழு லட்ச ரூபாய் மட்டும் ஏழு மாதமாகச் சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

முன்னாள் மாணவர் அறக்கட்டளையின் செயலாளர் என்ற முறையில் பேனலுக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் சொன்ன பதினேழாம் நாள் பணம் சேர்ந்துவிட்டது. கையில் காசு இருந்த தைரியத்தில், மின்வாரியத்தின் இணைப்பு அனுமதி வாங்கும் முன்பே பேனலை ஏற்றச் சொன்னது என் தவறு.

மின் இணைப்பு, 1987இல் காலமான பள்ளி நிறுவனரின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றத்துக்குச் சொத்து வரி ரசீதை எடுத்தால் அதில் அவருடைய தலைப்பெழுத்து 'சி.', மின் அட்டையில் 'சு.', கதவு எண்ணும் ஒன்றில் பழையது, மற்றொன்றில் புதியது. பேனலின் திறன் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை, அதாவது அந்த இணைப்பில் எடுக்கலாம் என்று வாரியம் ஒப்புக்கொண்ட உச்ச அளவை, தாண்டக் கூடாது என்பதால், 8 கிலோவாட்டாக இருந்த பளுவை உயர்த்தத் தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பெயர் மாறாமல் அது நகராது. இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் இந்த மின்சாரத்தைத் தாங்குமா என்று பார்க்கும் தொழில்நுட்ப ஆய்வு.

சட்டம் இந்த இடத்தில் எங்கள் பக்கம்தான் இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. மின் நுகர்வோர் உரிமைகள் தொடர்பாக நடுவண் அரசு 2020இல் கொண்டுவந்த விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சூரிய மின் விண்ணப்பம் முழுமையாக இருந்தால் ஆய்வே இல்லாமல் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். தேவைப்படும் மின்பளு உயர்வையும் மின் வழங்கும் நிறுவனமே செய்துவிட வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வை 15 நாளில் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே பொருள். இரண்டு கிலோவாட் ஆசைப்படாமல் பத்தோடு நிறுத்தியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆனால் 'முழுமையாக இருந்தால்' என்ற சொல்லில்தான் எல்லாரும் இடறுகிறார்கள். எங்கள் விண்ணப்பம் குறைபாட்டைச் சுட்டித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அந்தக் குறுஞ்செய்தி, இணைப்போடு பதிவாகியிருந்த எண்ணுக்கு, அதாவது ஓய்வு பெற்று மகன் வீட்டோடு மும்பைக்குப் போய்விட்ட எங்கள் பழைய எழுத்தருக்குப் போயிருந்தது. அவர் அதை ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டார். ஆய்வுக்கான அந்தப் பதினைந்து நாள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து நாங்கள் இரண்டு மாதம் காத்திருந்தோம்.

இதைப் பின்தொடர முழுநேர ஆள் ஒருவர் வேண்டும், மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்குத் தாருங்கள் என்று பேனல் கொடுத்தவர்களிடமே கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தில் பாதியை மறைக்கிற ஊர் நம்முடையது. பேனலின் கீழே பெயர் எழுதலாம், அலைச்சலின் மேல் எங்கே எழுதுவது? கடைசியில் ஒத்துக்கொண்டவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். "கடுதாசி எழுதினவனுக்குத்தான் பேரு, சரி. கொண்டுபோய்ச் சேக்கவனுக்குச் சம்பளமாவது வேண்டாமா சார்வாள்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே முதல் மூன்று மாதப் பணத்தை அனுப்பினார்.

ஐப்பசியில் வேலைக்கு வந்த பெண் மின்னியல் டிப்ளமோ முடித்தவர். ஒரு சூரிய மின் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு இருந்தவர். முதல் வேலையாகத் தொலைபேசி எண்ணை மாற்றினார். தலைப்பெழுத்துக்கும் கதவு எண்ணுக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தார். நீள நோட்டு ஒன்றில் எந்தத் தாள், எந்தத் தேதி, யார் கையில் கொடுத்தோம் என்று கோடு போட்டு எழுதினார். திருத்தப்பட்ட விதியின் நகலைக் கோப்பின் மேலேயே வைத்துக் கட்டினார். சண்டை எதுவும் போடவில்லை. நியாயமாகச் சொன்னால், மின்வாரிய அலுவலகத்தின் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் அறுந்து விழும் கம்பிக்கும் எங்கள் கோப்புக்கும் சேர்த்து அங்கே இருந்தவர் ஒரே உதவிப் பொறியாளர்தான். எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்று அந்தப் பெண் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த பட்டியலை அவரே வாங்கிச் சுவரில் ஒட்டினார். சூரிய மின் விண்ணப்பங்களைப் புதன்கிழமை பிற்பகலில் மொத்தமாகப் பார்ப்பதாகவும் சொல்லி, பெரும்பாலும் அப்படியே செய்தார். அடுத்து விண்ணப்பித்த முதியோர் இல்லத்துக்கு நாற்பது நாளில் இருதிசை மீட்டர், அதாவது வாங்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர், வந்துவிட்டது.

பணகுடி, காவல்கிணறுப் பக்கம் ஆடிக்காற்று ஆளைத் தள்ளும்போதே, மின்சாரத்தைக் கொண்டுபோகப் போதிய கம்பித்தடம் இல்லாமல் காற்றாலைகள் நிறுத்திவைக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிய செய்தியல்ல. அமெரிக்காவில் 2023 இறுதியில் மின்கட்டமைப்பில் இணைவதற்காக வரிசையில் நின்ற திட்டங்களின் அளவு ஏறத்தாழ 2,600 கிகாவாட். அங்கே பெரிய அறக்கட்டளைகள் அனுமதி முறைகளைச் சீர்செய்யும் வேலைக்கே நன்கொடை தரத் தொடங்கியிருப்பதில் வியப்பில்லை. எங்கள் நீள நோட்டும் அந்த வகைதான், அளவு சிறிது.

இப்போது மூன்று பள்ளிகள் அந்தப் பெண்ணிடம் கோப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன. ஒரு பழைய மாணவர் போன வாரம் அழைத்து, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று தருவதாகவும், பெயர்ப்பலகை கருங்கல்லில் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுச் சம்பளக் கணக்கையும் எடுத்துச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டிய 90,000 ரூபாயில் இதுவரை பாதிதான் சேர்ந்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி அந்த அம்மையாருடையது.