ஆம்ப்பில் ஒரு குக்கர்

பாஸ் கிட்டாரை வாசிக்காமல் சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நின்றாலே ஆம்ப்பிலிருந்து (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குக்கரை அணைக்கலையா என்று அம்மாவே வந்து கேட்டுவிட்டார்.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டு புதுசு வாங்கினேன், தண்டச் செலவு. கேபிள், எர்த் கோளாறு என்றால் பெரும்பாலும் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்த 'ம்ம்ம்' உறுமல்தான் வரும், உஸ் வேறு ரகம். அப்புறம் கேபிளை ஆம்ப்பிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஆக, கிட்டார் பாதி, ஆம்ப் பாதி.

என்னுடையது ஆக்டிவ் பாஸ், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்குப் போகும் முன்பே சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) உண்டு, அதில் ட்ரெபிளை, அதாவது கீச்சென்ற மேல் சத்தத்தை, முழுக்க ஏற்றி வைத்திருந்த புத்திசாலி நான்தான். நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஆம்ப்பில் கெயின் (உள்ளே வரும் சிக்னலை ஏற்றுகிற திருகு) அடியிலும் மாஸ்டர் (வெளியே போகும் மொத்தச் சத்தத்துக்கான திருகு) உச்சியிலும் இருந்தன. அதைத் தலைகீழாக்கி, ஓங்கி அடித்தால் மட்டும் கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறினால் எரிவது) லேசாக மினுக்கும் அளவுக்குக் கெயினை ஏற்றி, மாஸ்டரை இறக்கினேன்.

மிச்ச உஸ்ஸுக்குக் காரணம் ட்வீட்டர், மேல் சத்தத்துக்கென்றே உள்ள சின்ன ஸ்பீக்கர். அதைக் குறைக்கிற திருகு பெட்டியின் பின்னாலேயே இருக்கிறது, இரண்டு வருஷமாக நான் பார்க்கவே இல்லை! தடித்த கம்பியின் அடி சுரமே 41 ஹெர்ட்ஸ்தான். ஸ்லாப் (கம்பியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் பாணி) வாசிக்காத எனக்கு அந்த மேல் சத்தம் எதற்கு? சுத்தமாக அணைத்துவிட்டேன்.

நாய்ஸ் கேட் (சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒலியை அடைத்துவிடும் கருவி) வாங்கச் சொன்னார்கள். நீட்டி விடுகிற சுரத்தின் வாலை வெட்டிவிடும், வேண்டாம்.